அங்கே அப்படி என்ன இருக்குது?

பழனிவேலை யாராவது கல்யாணத்துக்கு அழைத்தால், மாப்பிள்ளை யார், பெண் யார் என்று அவர் கேட்கமாட்டார். "எந்த மண்டபம்?" என்றுதான் கேட்பார். மண்டபம் தெரிந்ததும் மனசுக்குள் ஒரு தராசு எழும்பும். போக எவ்வளவு நேரம், வர எவ்வளவு நேரம், பந்தியில் உட்காருவது எவ்வளவு நேரம்? போகவர ஆகிற நேரம் அங்கே இருக்கிற நேரத்தைவிடக் கூடுதல் என்றால் தீர்ந்தது கதை. மொய்யை யார் கையிலாவது கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கிவிடுவார். கேட்டால், "அங்க போயி அப்படி என்னாத்த பாக்கப் போறோம்? சுண்டக்கா கால் பணம், சுமகூலி முக்கால் பணம்" என்பார். இப்படிச் சீர்தூக்கியே ஐம்பத்து நாலு வயதாகிவிட்டது. வடக்கே பண்ருட்டி, தெற்கே சேத்தியாத்தோப்பு, இந்த இரண்டையும் தாண்டி அவர் போனதை விரல்விட்டு எண்ணிவிடலாம். "குண்டுச் சட்டிக்குள்ள குதிர ஓட்டிகினு இருக்க" என்று அவர் மனைவி மாரியம்மாள் சலித்துக்கொண்டால், "குதிர கீழ வுழாம ஓடுதா இல்லியா?" என்று கேட்பார்.

மனிதரைக் கஞ்சன் என்றோ சோம்பேறி என்றோ நினைத்துவிடக் கூடாது. நெய்வேலி மைன்ஸில் அவருக்குக் கான்ட்ராக்ட் வேலை. வெட்டின கரியைச் சுமந்துகொண்டு சுரங்கத்துக்குள் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற ஓட்டத்தில் கரி கீழே சிந்திக்கொண்டே இருக்கும். சிந்தினதை அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுவது பழனிவேலின் வேலை. கான்ட்ராக்டர்கள் மாறினார்கள், சட்டையின் நிறம் மாறியது, மண்வெட்டி மாறியது. அவர் நிற்கிற இடம் மட்டும் மாறவில்லை. 'அடுத்த வருஷம் பர்மனென்ட்' என்ற பேச்சு வருஷா வருஷம் மழையோடு வந்து மழையோடு போய்விடும். இப்படி உழைக்கிறவருக்கு வார லீவு நாளின் தூக்கம்தான் சொத்து. தராசின் ஒரு தட்டில் கல்யாணம், கோயில், கடற்கரை என்று ஏதேதோ ஏறி இறங்கும். இன்னொரு தட்டில் எப்போதும் அந்தத் தூக்கம் கால் நீட்டிப் படுத்திருக்கும்.

அவர்களுக்கு ஒரே பெண், அன்புக்கரசி. அவள் பிறந்த நாளிலிருந்து பழனிவேலுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. மகள் உட்காருகிற இடத்தில் கீழே நாற்காலி இருக்க வேண்டும், மேலே ஃபேன் சுற்ற வேண்டும். அதற்காகத்தான் அந்த மண்வெட்டி. விருத்தாசலம் காலேஜில் வரலாறு எம்.ஏ. வரைக்கும் படித்தாள். பிறகு தொல்லியல் என்று ஏதோ டிப்ளமா. வேலை கிடைத்துவிட்டது என்று ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள்.

"என்னா வேல பாப்பா?"

"அகழாய்வுப்பா. புதுக்கோட்டைக்கு அந்தாண்ட ஓடைக்கரைப்பட்டின்னு ஒரு ஊரு. அங்க பூமிக்கடியில ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஊரு ஒண்ணு இருக்குதாம். குழி தோண்டிப் பாக்கறாங்க. எனக்கு ஒரு குழி குடுத்திருக்காங்க."

"குழியா?"

"ஆமாம்ப்பா."

"பர்மனென்ட்டா?"

"கான்ட்ராக்ட்டுப்பா."

பழனிவேல் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. எதிலிருந்து மகளைத் தள்ளி வைக்க இத்தனை வருஷம் பாடுபட்டாரோ, அந்த இரண்டு வார்த்தையையும் அவள் வாயாலேயே கேட்டுவிட்டார். சண்டை போடவில்லை, போகாதே என்று தடுக்கவும் இல்லை. அவள் போன பிறகு போனில் பேசும்போது, "சாப்டியா? தூங்கினியா? வெயில் எப்படி?" என்று கேட்பார். "வேலை எப்படிப் போகிறது, என்ன கிடைத்தது" என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருக்கிறாள் என்பது மாரியம்மாளுக்குத் தெரியும். பழனிவேலுக்கும் தெரியும். தெரிந்தும் வாய் வராது.

செப்டம்பர் மாதக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் அன்புக்கரசி போன் செய்தாள். மாரியம்மாள் ஸ்பீக்கரில் போட்டார்.

"யப்பா, வர்ற வியாழக்கிழமை எங் குழிய மூடறாங்க. அதுக்குள்ள நீயும் அம்மாவும் ஒரே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்கப்பா."

"மூடறத்துக்கு எதுக்குத் தோண்டுனீங்க?"

"மழைக்கு முன்னாடி மண்ணு போட்டு மூடிட்டாத்தாம்ப்பா உள்ள இருக்கிறது பத்திரமா இருக்கும். மூடிட்டா அப்பறம் யாருமே பாக்க முடியாது."

"போட்டோ எடுத்து அனுப்பேன்."

"மேல இருக்கிறவங்க அறிக்கை எழுதி முடிக்கிற வரைக்கும் போட்டோ வெளிய போவக் கூடாதுப்பா. நேர்ல வரணும். இறங்கி நின்னு பாக்கணும், அப்பத்தான் தெரியும். வருவீங்கல்ல?"

"பாப்பம்" என்றார் பழனிவேல்.

அந்த வீட்டில் 'பாப்பம்' என்றால் இல்லை என்று அர்த்தம். போனின் அந்தப் பக்கமும் அது புரிந்தது. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்த 'சரிப்பா' கொஞ்சம் கம்மிப்போய் வந்தது. பழனிவேல் அதைக் கேளாததுபோல எழுந்து போய்க் கால் கழுவினார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் ஷிப்டில் பன்னீர்செல்வத்திடம் பேச்சுக் கொடுத்தார். பன்னீர்செல்வம் பக்கத்து பெல்ட்டில் அதே வேலை பார்க்கிறவர், நாக்கில் எப்போதும் கொஞ்சம் மிளகாய்த் தூள் இருக்கும்.

"ஏண்ணே, நாம தெனமும் குழிக்குள்ளேர்ந்துதான் ஏறி வரோம். லீவு நாள்ல இன்னொரு குழிய பாக்க பஸ் ஏறிப் போவியா? மீன்காரன் லீவு போட்டுட்டு மீன் மார்க்கெட் பாக்கப் போன மாதிரி இருக்குதே!"

பழனிவேலுக்கு அது நியாயமாகப் பட்டது. இருந்தாலும் படித்தவர் ஒருவரையும் கேட்டுவிடலாம் என்று வேலுமணி சாரிடம் போனார். வேலுமணிக்குத் தாராபுரம் பக்கம் சொந்த ஊர், மைன்ஸில் இன்ஜினியர். டவுன்ஷிப்பில் அவருடைய குவார்ட்டர்ஸில்தான் மாரியம்மாள் சமையல் வேலை செய்கிறார். நல்ல மனிதர், யாரையும் 'ங்க' போடாமல் பேசமாட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க பழனி. போன லீவுல நாங்களும் இந்த மாதிரி ஒரு எடத்துக்குக் கார் எடுத்துட்டுப் போனமுங்க. காலைல கெளம்பி, வெயில்ல வெந்து போய்ப் பார்த்தா, நாலு பக்கமும் கயிறு கட்டியிருக்குது. நடுவுல செங்கல்லு. பக்கத்துல ஒரு போர்டு. எங்க பொண்ணு ஹரிணி அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்து கார்ல உக்காந்துட்டா. அடுத்த தடவ பேசாம ஊட்டிக்குப் போயிட்டமுங்க."

"அப்ப போவ வேணாங்கிறீங்க?"

"பொண்ணு கூப்பிடுது, அது வேற விஷயமுங்க. எடத்தப் பார்க்கன்னு போனா, ஒரு நாள் பூரா பஸ்ஸுல உக்காரத் தேவையில்லீங்க."

குழி எவ்வளவு ஆழம் இருந்தது என்று பழனிவேல் கேட்கவில்லை. குழியைப் பற்றி இவர் இன்னொருவரிடம் கேட்பதா? வேலுமணி சொன்னதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "மலைய கெல்லி எலிய புடிச்ச கதையாம். சாரே சொல்லிட்டாரு" என்றார்.

மாரியம்மாள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினார்.

"சாரு சொன்னா என்னா, எங்க மாமியா சொன்னா என்னா? எம் பொண்ணு வரச்சொல்லி இருக்குது. நீ வராட்டி போ. புதன்கெழமை நான் போறேன்."

மரக்கலர் புடவை ஒன்றை ஏற்கெனவே பெட்டியிலிருந்து எடுத்து மடித்து வைத்திருந்தார். பழனிவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாரியம்மாளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. குவார்ட்டர்ஸ் வாசலில் நாலு படி ஏறுவதற்கே கம்பியைப் பிடித்துக்கொள்கிறவர்.

"இறங்கி நின்னு பாக்கணும்னு சொல்லுச்சே, கேட்டியா? உன் காலுக்கு அது ஆவுமா?"

"எம்மாம் ஆழம் இருக்கப் போவுது?"

"எம்மாம் ஆழமா? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஊருங்கிறாங்க. அது மேலேயே கெடக்குமா? நம்ம கரி எத்தினி அடிக்குக் கீழ கெடக்குது தெரியுமா? பழசு ஆக ஆகக் கீழதான் போவும். மைன்ஸ்ல பஸ் வுட்டு இறக்குவான். அங்க பஸ்ஸா வுடுவான்? ஏணிதான். செங்குத்தா இறங்கணும், திரும்ப ஏறணும். காலு நடுவுல மடங்கிச்சின்னா யாரு தூக்கறது?"

அவர் பொய் சொல்லவில்லை. நெய்வேலிக்காரருக்குக் குழி என்றால் ஒரே ஒரு குழிதான். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை புகை மாதிரித் தெரிகிற குழி. தட்டுத் தட்டாக மண்ணை அரிந்து, அதற்கும் கீழே போய், தண்ணீர் மேலே பீறிவிடாமல் ராப்பகலாய் மோட்டார் வைத்து இறைத்து, அப்புறம்தான் கரி. டீவி நியூஸில் அகழாய்வைக் காட்டும்போதும் பானையையும் மணியையும்தான் கிட்டப் பிடித்துக் காட்டுகிறார்கள், குழியின் ஆழத்தை யார் காட்டினார்கள்? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊரில் சொல்வார்கள். நம்மவர் ஆழம் தெரியாமலே மனைவியின் காலைப் பிடித்து இழுத்துவிட்டார்.

மாரியம்மாள் தன் முழங்காலைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்ப் புடவையைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

"அப்ப நீ போய்ட்டு வா."

"நானா?"

"ரெண்டு பேருல ஒருத்தராச்சும் போவலைன்னா அந்தப் பொண்ணு மனசு என்னாவும்? எனக்குத்தான் காலு இல்ல. உனக்கு என்னா கேடு?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மனைவியைப் போகவிடாமல் நிறுத்தின அதே வாயால் தான் போவதாக ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

வார லீவான புதன்கிழமை, விடிவதற்கு முன்பே ஆர்ச் கேட் ஸ்டாப்பில் தஞ்சாவூர் பஸ் ஏறினார். காலில் மைன்ஸ் ஷூ. பையில் மைன்ஸ் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குள் வாய் இறுகக் கட்டின பாட்டிலில் மாரியம்மாள் செய்து கொடுத்த கருவாட்டுத் தொக்கு. சேத்தியாத்தோப்புப் பாலம் தாண்டினதும் வேறு நாட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். கும்பகோணத்தில் தூங்கி, தஞ்சாவூரில் மாறி, புதுக்கோட்டையில் மறுபடி மாறி, அங்கிருந்து ஒரு டவுன் பஸ்ஸில் ஜன்னல் கம்பியோடு சேர்ந்து ஆடிக்கொண்டு ஓடைக்கரைப்பட்டியில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இடுப்பு கழன்றுவிட்டது. இதற்கு வேலுமணி சார் சொன்ன ஊட்டி எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

முள்வேலிக்கு உள்ளே தார்ப்பாய்ப் பந்தல் போட்டிருந்தது. நிலத்தில் சதுரம் சதுரமாக வெட்டி, நடுவே வரப்பு மாதிரி மண்ணை விட்டிருந்தார்கள். பெண்கள் சிலர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "அன்பு மேடம், உங்களைத் தேடி யாரோ வந்திருக்காங்க" என்று ஒரு குரல் கேட்டது. அன்பு மேடமா? பழனிவேல் திரும்பிப் பார்ப்பதற்குள் அவருடைய மகள் முழங்கை வரைக்கும் செம்மண்ணோடு ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத முகம்.

"யப்பா! வந்துட்டியா! வரமாட்டன்னு நெனச்சிகினு இருந்தேன்!"

பழனிவேல் தொக்குப் பாட்டிலை அவள் கையில் கொடுத்தார். பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டினார்.

"குழி எங்க?"

"இதாம்ப்பா."

"இது வாய்க்கா. நீ வேல செய்யற குழி எங்க?"

"இதான்ப்பா எங் குழி."

அவர் குனிந்து பார்த்தார். ஆள் இறங்கி நின்றால் இடுப்புக்கு வரும். ஏறி இறங்க மண்ணிலேயே வெட்டின அகலமான படிகள் இருந்தன. அதில் ஒன்றில் உட்கார்ந்து ஒரு வயதான அம்மாள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல தண்ணி வந்தா எத்தினி மோட்டரு வெச்சி இறைப்பீங்க?" பேச்சை மாற்றத்தான் கேட்டார்.

"மோட்டரா? மழ பேஞ்சா தார்ப்பாய் போட்டு மூடிட்டு டீ குடிக்கப் போயிடுவோம்" என்று அன்புக்கரசி சிரித்தாள். சுற்றி இருந்த பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் கண்ணெல்லாம் ஹெல்மெட்டில் இருந்தது. பழனிவேல் அசடு வழிய அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மகள் அவரை உள்ளே இறக்கிக் காட்டினாள். செங்கல் பாவின ஒரு தரை. அதன் ஓரமாக, ஒரு சாண் அகலத்தில் தண்ணீர் ஓட வழி. யாரோ குடியிருந்த வீடு, அந்த வழியாகத்தான் புழங்கின தண்ணீர் வெளியே போயிருக்கும் என்றாள். ஓரத்தில் ஒரு செங்கல்லில் நாயின் கால் தடம் பதிந்திருந்தது. சுடுவதற்கு முன்னால், பச்சையாகக் காய்ந்துகொண்டிருந்தபோது ஏதோ ஒரு நாய் அதன் மேல் நடந்து போயிருக்கிறது. அதை அவள்தான் முதலில் பார்த்தாளாம். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை, பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றுதான் பழனிவேல் கடைசியாகப் பார்த்திருந்தார். மகளுக்கு மேலே ஃபேன் இல்லை, கீழே நாற்காலி இல்லை. ஆனாலும் இவள் இங்கே சந்தோஷமாக இருக்கிறாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கூடவே, இத்தனை மாதம் கேட்காமல் விட்டோமே என்று குத்தியது.

அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அம்மா ஏம்ப்பா வரல?"

"அம்மாவுக்குக் காலு முடியலல்ல? ஏறி இறங்கணும்னு..."

"எங்க ஏறி இறங்கணும்ப்பா?"

பழனிவேல் அந்தப் படியைப் பார்த்தார். படியில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்தார். மாரியம்மாள் புடவையைத் திரும்பப் பெட்டியில் வைத்தது கண் முன்னால் வந்தது. கருவாட்டுத் தொக்கை விடியற்காலையில் எழுந்து கிண்டிக்கொடுத்து, "எல்லாத்தையும் நல்லா பாத்துகினு வந்து சொல்லு" என்று சொன்னதும் வந்தது. நாளைக்கு இந்த இடத்தில் மண் மட்டும்தான் இருக்கும். மாரியம்மாள் பார்க்கவே போவதில்லை, அதுவும் தன்னுடைய வாயால்.

"நாளைக்கு எப்ப மூடுவீங்க?"

"காலைல ஆரம்பிச்சிடுவாங்கப்பா. ஏன்?"

"உன்னுத கடைசியா மூடச் சொல்லு."

"யப்பா, என்னா பண்ணப் போற?"

"சொன்னதைச் செய்யி பாப்பா."

சாப்பாட்டைக்கூட அவசர அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்பினார். டவுன் பஸ்ஸில் ஏறினதும் பன்னீர்செல்வத்துக்குப் போன் போட்டார்.

"பன்னீரு, நாளைக்கு என் ஷிப்ட்டு நீ பாத்துக்க. உன் ஷிப்ட்டு நான் அடுத்த வாரம் பாக்கறேன்."

"ஏண்ணே, குழிய பாக்கலியா?"

"பாத்துட்டேன்."

"அப்பறம் எதுக்கு நாளைக்கு?"

"மறுபடியும் வரணும்."

"வெயில்ல தலைய காமிச்சிகினு நின்னியாண்ணே?" என்று பன்னீர்செல்வம் கேட்டார், நிஜமான அக்கறையோடு.

வீட்டுக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. மாரியம்மாள் கதவைத் திறந்ததும் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லா இருக்குதா பொண்ணு?"

"நல்லா இருக்குது. மேடம்னு கூப்புடறாங்க."

மாரியம்மாள் முகம் மலர்ந்தது. "குழிக்குள்ள இறங்குனியா? எம்மாம் ஆழம் இருந்துது?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பழனிவேல் தூங்கவில்லை. கையைத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினார்.

மாரியம்மாள் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். திட்டுவார், சாபம் விடுவார், 'உன் மைன்ஸு புத்தி உன்ன வுட்டுப் போவாதா' என்பார் என்று எதிர்பார்த்தார் பழனிவேல். மாரியம்மாள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவ ஆரம்பித்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"கெளம்பு" என்றார் பழனிவேல்.

"எங்க?"

"பஸ்ஸு இருக்குது. விடிய போய்ச் சேந்துடலாம். பொண்ணு குழிய கடைசியா மூடச் சொல்லியிருக்கேன்."

"வேல?"

"பன்னீரு போறான்."

"இப்பத்தானே வந்த? ரெண்டு நாளு தூங்காத போயி விழுந்து கிழுந்து வெச்சின்னா?"

"பஸ்ஸுல தூங்கறேன். தராசெல்லாம் ஒண்ணும் பாக்காத, பொடவைய எடு."

தராசு பார்ப்பது யார் என்று மாரியம்மாள் கேட்கவில்லை. அதற்குள் பெட்டியைத் திறந்திருந்தார்.

மறுநாள் அவர்கள் போய் இறங்கியபோது பக்கத்துக் குழிகளில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அன்புக்கரசி தன் குழியின் வரப்பிலேயே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்தாள். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் புருஷன், இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு மாரியம்மாள் ஒவ்வொரு படியாக இறங்கினார். மகாராணி இறங்கினால்கூட அப்படி யாரும் பிடித்திருக்கமாட்டார்கள்.

மகள் தரையைக் காட்டினாள், தண்ணீர் போகிற வழியைக் காட்டினாள். நாய்க்கால் செங்கல்லைப் பார்த்ததும் மாரியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "காயப் போட்டத மிதிச்சிகினு போயிருக்குது பாரு! அன்னிக்கு அத்த எவளோ வெரட்டி வெரட்டி அடிச்சிருப்பா." பிறகு, ரெண்டாயிரம் வருஷத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுத் தான் கேட்க வந்ததைக் கேட்டார். நீ எந்த இடத்தில் நின்று வேலை செய்வாய், குடிக்கத் தண்ணீர் எங்கே வைப்பாய், மதியம் எந்த நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவாய், கூட உட்காருவது யார்? அன்புக்கரசி ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, மாரியம்மாள் அந்தந்த இடத்தில் போய் நின்று பார்த்தார். படியில் வெற்றிலை போட்ட அம்மாளிடம், "எம் பொண்ண பாத்துக்கங்க" என்று சொல்லிவைத்தார்.

மூடுகிற நேரம் வந்தது. விரிப்பை விரித்தார்கள். ஆட்கள் கூடையைத் தூக்குவதற்குள் பழனிவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை வாங்கிவிட்டார்.

"நீ ஏம்ப்பா? ரெண்டு நாளா பஸ்ஸுலயே இருக்க."

"பத்திரமா இருக்கணும்னு சொன்னல்ல? அப்ப சும்மா இரு. இவங்க அள்ளிப் போடறது எனக்குப் புடிக்கல."

மண் அள்ளிப் போடுவதில் அவரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை. ஒரு கல் அசையாமல், ஒரு மூலை விடாமல், பூப்போலப் பரப்பி மூடினார். முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த குழி எங்க தோண்டப் போற பாப்பா?" என்று கேட்டார். அன்புக்கரசி பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் அழ வேண்டியிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் மாரியம்மாளுக்கு ஜன்னல் சீட். தஞ்சாவூரில் பஸ் மாறும்வரை இருவரும் தூங்கினார்கள். கும்பகோணத்தில் பழனிவேல் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார். அதைக் குடித்துக்கொண்டே மாரியம்மாள் கேட்டார்.

"வர்ற லீவுக்கு என்னைய ஒரு எடத்துக்குக் கூட்டிகினு போறியா?"

"எங்க?"

"மைன்ஸுக்கு."

பழனிவேலுக்கு டீ புரையேறியது. "அங்க எதுக்கு? உள்ளல்லாம் வுடமாட்டாங்க. மேல வியூ பாயின்ட்லேர்ந்து வேணா பாக்கலாம். அங்க என்னா இருக்குது பாக்க? மண்ணும் கரியும் பெல்ட்டும்."

"இன்னிக்கு நாம பாத்தது மட்டும் என்னா? செங்கல்லும் மண்ணும்" என்றார் மாரியம்மாள். "எம் பொண்ணு அங்க நிக்கிறா, அதுக்குத்தான் போனேன். நீ கல்யாணமான நாளா அந்தக் குழிக்குள்ள போய்ட்டு போய்ட்டு வர. ஒரு நாளாச்சும் நான் எங்க நிக்கிறேன் பாருன்னு காட்டுனியா?"

பெல்ட்டுக்கு அடியில் குனிந்து அள்ளுகிற இடத்தை மனைவி பார்த்துவிடக் கூடாது என்று இத்தனை வருஷம் மனசுக்குள் மறைத்துவைத்திருந்ததை அவரே இப்போதுதான் தெரிந்துகொண்டார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மாம் தூரத்துலேர்ந்து பாத்தா ஆளே தெரியாதுடி" என்றார்.

"தெரியாட்டி போவுது. நீ கைய நீட்டிக் காட்டு. அந்த எடத்த நான் பாத்துக்கிறேன்."